என்னக் கேக்காட்டி சீப்பக் கேளு

21 நாள்ல இடுப்பு வரைக்கும் முடி வளரும்னு அந்த எண்ணெய் பாட்டில்ல எழுதியிருக்குதாம். பாசார் மாலாம்ல 65 வெள்ளி குடுத்து வாங்கிட்டு வந்து, “பாட்டி, இது நல்லதா?”ன்னு எங்கிட்ட நீட்டுற. வாங்கறதுக்கு முன்னால கேக்க வேண்டியதுடி அது. வாங்கினதுக்கு அப்புறம் கேட்டா நான் என்ன சொல்றது? பாட்டில் நல்லா இருக்கு. கழுவி வச்சா சாமி வெளக்குக்கு எண்ணெய் ஊத்தி வச்சுக்கலாம்.

நீ எஸ்பிஎம் வரைக்கும் படிச்ச புள்ள, கணக்கு நீயே போடு. தலமுடி மாசத்துக்கு 1 சென்டிமீட்டர் வளரும், மிஞ்சிப் போனா ஒண்ணேகால். அப்ப 21 நாளைக்கு 1 சென்டிமீட்டர் தேறுறதே கஷ்டம். உன் தோள்ல இருந்து இடுப்புக்கு ஒரு 40 சென்டிமீட்டர்னு வச்சுக்கோ. 3 வருசம் ஆகும், அதுவும் நடுவுல நீ சலூன் பக்கம் போகாம இருந்தா. ஒண்ணு, அத எழுதுனவனுக்குக் கணக்கு வராது. இல்லன்னா அவன் பாத்த பொம்பளைக்கு இடுப்பு காதுக்குக் கீழயே இருக்கு.

இதெல்லாம் சொல்ல நான் யாருன்னு அந்தப் புது மருமக கேக்குது பாரு. டாக்டர் இல்லம்மா. தோட்டத்து ஆயாக்கொட்டாய்ல புள்ள பாத்தவ. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு இருட்டோட கொண்டாந்து புள்ளையத் தூளியில போட்டுட்டு ஆத்தாக்காரிங்க மரம் வெட்ட ஓடிருவாளுங்க. பால் எடுத்து, ஸ்டோர்ல நிறுத்துக் குடுத்துட்டு அவளுங்க திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு வேல: கஞ்சி ஊத்தறது, மூக்கச் சிந்தறது, பேன் பாக்கறது. ஜெராம் சுத்துவட்டாரத்துல இன்னைக்கு லாரி ஓட்டுறவன், கிள்ளான் பேங்குல கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருக்கிறவ, காப்பார்ல கட வச்சிருக்கிறவன், பாதிப் பேரு தலைய என் சீப்பு பாத்திருக்கு. மேடையில மாலை வாங்கிக்கிட்டு ஒருத்தர் நிப்பாரு. மத்தவங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க. எனக்கு அவரு தலையில வரிசையா இருந்த ஈருதான் ஞாபகத்துக்கு வரும். பேரு சொல்ல மாட்டேன், தேர்தல் வருது.

என் பேத்தி ஒருத்தி கிள்ளான்ல பார்மசியில வேல செய்யுது. சீப்புல பாத்தது எனக்கு, புத்தகத்துல படிச்சது அதுக்கு. ஞாயித்துக்கெழமை வந்தா ரெண்டையும் ஒத்துப் பாப்போம். ஒத்து வராத எடத்துல அதுதான் ஜெயிக்கும். அத நான் வெளிய சொல்லிக்கிறது இல்ல.

ஆம்பளைங்க கணக்க மொதல்ல முடிச்சிடறேன், அவனுங்களுக்குத்தான் அவசரம். நெத்தி ரெண்டு பக்கமும் ஏறி, உச்சியில வட்டம் விழுந்தா அது பரம்பரைடா தம்பி. சாப்பாட்டால வந்ததும் இல்ல, கப்சாய்க்குப் போடுற ஹெல்மட்டால வந்ததும் இல்ல. அம்மா வழித் தாத்தா தல எப்படியோ அப்படித்தான் பேரன் தலையும்னு சொல்லி, பழியத் தூக்கி ஆத்தா பொறந்த வீட்டு மேல போடுறானுங்க. ரெண்டு பக்கத்துல இருந்தும்தான் வரும். உங்கப்பன பொண்ணு வீட்டுக்காரங்க பாக்க வந்தப்ப, அகலமான நெத்தியப் பாத்துட்டு “படிச்ச களை தெரியுது”ன்னாங்க. படிப்பு அஞ்சாம் வகுப்பு. நெத்தி மட்டும் டிகிரி.

அதுக்கு மருந்தே இல்லயான்னா, இருக்கு. மினாக்சிடில்னு ஒண்ணு. மொதல்ல ரத்தக் கொதிப்புக்குக் குடுத்த மாத்திரை அது. முழுங்குனவங்களுக்குக் கண்ட கண்ட எடத்துல முடி மொளைக்கிறதப் பாத்துட்டு, தலைக்குத் தடவுற தண்ணியா மாத்துனாங்க. 1988ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. தடவுற வரைக்கும்தான் பலன். நிறுத்துனா வந்தது போயிரும். ஆரம்பத்துல சில வாரம் இன்னும் கூடக் கொட்டும். அதுக்குப் பயந்துக்கிட்டு பாதியில தூக்கிப் போடுறவனுங்கதான் நெறைய. பினஸ்டெரைடுன்னு இன்னொண்ணு, 1997ல வந்துது, டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் வாங்கணும். மாசமா இருக்கிற பொண்டாட்டி அந்த மாத்திரை ஒடஞ்சதக் கையால தொடக்கூடாது. ரெண்டும் வேணாம்னா நல்ல தொப்பி வாங்கிக்கோ. கல்யாண போட்டோவுக்கு மட்டும் கழட்டு.

பொம்பளைங்க கதை வேற. குளியலறையில சுருண்டு கெடக்கிற முடியப் பாத்துட்டு ஒப்பாரி வச்சுக்கிட்டு வருவாளுங்க. தலையில ஒரு லட்சம் முடிக்குக் கிட்ட இருக்கு. ஒவ்வொண்ணும் 2 வருசத்துல இருந்து 6 வருசம் வரைக்கும் வளரும், அப்புறம் ரெண்டு மூணு மாசம் ஓய்வு எடுக்கும், அப்புறம் விழும். அந்தக் குழியில புதுசு வரும். நாளைக்கு 50, 100 விழறது சாதாரணம். எண்ணிப் பாக்கறேன்னு உக்காராத, எண்ணி முடிக்கிறதுக்குள்ள கவலையில இன்னும் நாலு விழும்.

ஆனா ஒரு நேரத்துல கொத்துக் கொத்தா வருமே, அது வேற. பால்மரம் பாத்தவங்களுக்கு அத வெளக்கவே வேணாம். வருசம் பொறந்து வெயில் ஏறுற காலத்துல மரமெல்லாம் ஒண்ணாச் சேந்து எலையக் கொட்டிட்டு நிக்கும், பாலும் கொறஞ்சு போகும். புதுசா வந்த கிராணி, காடே செத்துப் போச்சோன்னு முழிப்பாரு. தண்டல் சிரிப்பாரு. யாரும் மரத்துக்கு எண்ணெய் தேய்க்கல. கொஞ்ச நாள்ல தளிரு தானா வந்துரும். அதேதான் இதுவும். ஒடம்புக்குப் பெரிய அடி ஒண்ணு விழுந்தா, வளந்துக்கிட்டு இருந்த முடியில ஒரு பங்கு ஒண்ணாச் சேந்து ஓய்வுக்குப் போயிரும். ஓய்வு முடிஞ்சு, ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் மொத்தமாக் கொட்டும்.

அதனால, முடி கொட்டுதுன்னு வர்றவகிட்ட “என்ன எண்ணெய் வைக்கிற”ன்னு நான் கேக்கறது இல்ல. “மூணு மாசத்துக்கு முன்னால என்ன பண்ணுன?”ன்னு கேப்பேன். மூஞ்சி மாறும் பாரு. போலீஸ் ஸ்டேசன்ல கூட அப்படி முழிக்க மாட்டாளுங்க.

ஒருத்திக்கு டிங்கிக் காய்ச்சல். இந்த நாட்டுல டிங்கின்னா நம்ம சிலாங்கூர்தான் முன்னால நிக்கும், அதுல நமக்குப் போட்டியே இல்ல. ஒருத்திக்குப் பிரசவம். வயித்துல புள்ள இருக்கிறப்ப விழ வேண்டிய முடியெல்லாம் விழாம நின்னு தல நெறைய இருக்கும், பெத்து மூணு மாசத்துல மொத்தமாக் கணக்கத் தீத்துக்கும். உடனே மாமியார், “குழந்த முகம் பாத்துச் சிரிச்சிருச்சு, அதான் ஆத்தாளுக்கு முடி கொட்டுது”ம்பா. பச்ச மண்ணு மேல பழி. கோவிட் வந்து போனப்ப பாதி ஜெராம் இப்படிக் கொட்டுச்சு.

ஒருத்திக்கு எதுவும் இல்ல. காய்ச்சல் இல்ல, புள்ள இல்ல. குடைஞ்சு குடைஞ்சு கேட்டேன். கல்யாணத்துக்கு எளைக்கணும்னு ரெண்டு மாசமா காலையில வெந்நி, மத்தியானம் வெள்ளரிக்கா, ராத்திரி தூக்கமாம். ரவிக்க நல்லாத்தான் பொருந்துச்சு. மால மாத்துற வாரம் பாத்து முடி விழ ஆரம்பிச்சிருச்சு. மாப்பிள்ளைக்கு எளச்ச பொண்ணு கெடச்சுது, சடை மட்டும் கடையில வாங்குனது. மாப்பிள்ளை இன்னும் கண்டுபுடிக்கல, நீயும் வாயத் தெறக்காத.

இதுல எண்ணெய் விக்கிறவன் பொழைக்கிற பொழப்பப் பாரு. இப்படிக் கொட்டுன முடி, அடிச்ச காரணம் போயிட்டா ஆறு மாசத்துக்குள்ள தானா நின்னு, திரும்ப மொளைக்கும். நீ எப்ப பாட்டில் வாங்குவ? கொட்டறது உச்சத்துல இருக்கிறப்ப. அதுக்கு மேல எறங்கத்தான் செய்யும். அந்த நேரத்துல நீ தலையில தடவுனது செம்பருத்தி எண்ணெயா, வெளக்கெண்ணெயா, மண்ணெண்ணெயான்னு முடிக்குத் தெரியாது. எது கையில இருந்துச்சோ அதுக்குப் பேரு. நீயும் போய் “எனக்கு நின்னுருச்சு, நீயும் வாங்கு”ன்னு பத்துப் பேருக்குச் சொல்லுவ. பொய்யும் இல்ல அது, உனக்கு நின்னது நெசம்தான். சம்பளமில்லாம அவனுக்குக் கங்காணி வேல பாக்கற, அவ்வளவுதான்.

அப்ப எதால முடி வளருது? வாயால. பேசுற வாய் இல்லடி.

சப்பான்காரன் காலத்துக் கதைய எங்கம்மா சொல்லும். அரிசி கெடைக்கல. மரவள்ளிக்கெழங்குதான் காலையிலயும் ராத்திரியும். வயிறு ரொம்பும், ஒடம்புல ஒட்டாது. மாவு இருக்கு, புரதம் இல்ல. லயத்துப் புள்ளைங்களுக்குக் காலு வீங்கும், வயிறு முன்னால தள்ளும், கருகருன்னு இருந்த முடி செம்பட்டையாகிப் போயி, இழுத்தா வலிக்காமக் கையோட வந்துரும்னு சொல்லும். பேத்தி அதக் கேட்டுட்டு, அந்த நோய்க்குப் பேரு குவாஷியோர்கர்னு சொல்லுச்சு. 1935ல அந்தப் பேர டாக்டருங்க உலகத்துக்கு எழுதிச் சொன்னது சிசிலி வில்லியம்ஸ்னு ஒரு டாக்டரம்மா. ஆப்பிரிக்காவுல கோல்ட் கோஸ்ட்ல வேல பாத்தவங்க. அடுத்த வருசமே அவங்கள மலாயாவுக்கு மாத்திட்டாங்க. 1939ல சிங்கப்பூர் ரோட்டரி கிளப்புல பெரிய மனுசங்களுக்கு முன்னால நின்னு, கைக்குழந்தைக்கு நல்லதுன்னு சொல்லி டின்னுப் பால விக்கிறத கொலைன்னே பேசுனாங்களாம். அப்புறம் சப்பான்காரன் அவங்களையும் சாங்கி செறையில அடச்சுப் போட்டான். இப்படி ஒரு பொம்பள நம்ம பக்கம் வந்து போனது இங்க யாருக்குத் தெரியும்? நடிகை தலைக்கு என்ன தடவுறான்னு மட்டும் தெரியும்.

எங்கம்மா பயந்த அதே செம்பட்டைய உன் சித்தி மக கோலாலம்பூர்ல 400 வெள்ளி குடுத்துப் பூசிக்கிட்டு வந்து நிக்குது. எங்கம்மா இருந்திருந்தா ஒண்ணும் திட்டியிருக்காது. ஒரு முட்டைய அவிச்சு அது கையில குடுத்துட்டுப் போயிருக்கும்.

முடியே புரதம்தான், கெரட்டின்னு பேரு. ஒடம்புக்குப் புரதம் பத்தலன்னா இருதயத்துக்கும் ஈரலுக்கும் குடுத்துட்டு மிச்சம் இருந்தாத்தான் முடிக்கு. அதனால முட்டையத் தலையில ஒடச்சு ஊத்தி அர மணி நேரம் பிளாஸ்டிக் பை மாட்டிக்கிட்டு உக்காராத. அந்தப் புரதம் மண்டத் தோலுக்குள்ள போற அளவுக்குச் சின்னது இல்ல, ஈ மட்டும்தான் வரும். அவிச்சு வாய் வழியாப் போடு. பச்சையாவும் குடிக்காத. பச்ச வெள்ளக்கருவுல இருக்கிற ஒரு சரக்கு பயோட்டின்ங்கற சத்தப் புடிச்சு வச்சுக்கும், ஒடம்புக்கு விடாது. அந்த பயோட்டின் மாத்திரையத்தான் இப்ப ஆளாளுக்கு வாங்கி முழுங்குறாங்க. நல்லாச் சாப்பிடுறவங்களுக்கு அந்தச் சத்துக் கொறையிறதே அபூர்வம். போதாக்கொறைக்கு, அத நெறைய முழுங்கிட்டுப் போயி ரத்தம் குடுத்தா தைராய்டு சோதனையில தப்புத் தப்பா வரலாம். டாக்டர்கிட்ட முன்னாலயே சொல்லிடு. வெள்ளிக்கெழமை கவுச்சி சாப்பிட மாட்டேங்கறவளுக்கு தவு இருக்கு, தெம்பே இருக்கு, பருப்பு இருக்கு. சாம்பாருன்னு சொல்லித் தண்ணியில பூசணிக்காயக் குளிப்பாட்டி எடுக்கிறியே, அதுல பருப்பக் கொஞ்சம் கண்ணுல காட்டு.

அடுத்தது இரும்பு. 2019ல சுகாதார அமைச்சு நாடு பூரா ஆய்வு எடுத்தப்ப, 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 10 பேருக்கு 3 பேரு ரத்தசோகைக்காரங்க. மாசா மாசம் போறது போகுது, உள்ள வர்றது தே தாரேக் மட்டும். ஜெராம்ல பொறந்துட்டு ரத்தம் இல்லன்னு சொல்றதுக்கு வெக்கமா இருக்க வேணாமா? பாந்தாய் ரெமிஸ் பக்கம் போ. சேத்துல வளர்ற கெராங் இருக்கே, தெறந்தா செவப்பா ஒழுகுமே, நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின்தான் அதுலயும். இரும்பு, பி12 ரெண்டும் இருக்கு. முன்ன மாதிரி இப்பக் கெடைக்கிறது இல்ல, வெலயும் ஏறிப் போச்சு, இருந்தாலும் அந்த 65 வெள்ளி பாட்டிலுக்கு எத்தனை தட்டு வரும்னு நீயே பாரு. ஒண்ணு மட்டும்: கொதி தண்ணியில ஒரு தடவ முக்கி எடுத்து அரவேக்காட்டுல உறிஞ்சாத. மஞ்சக்காமால வந்தா முடிக்கவலையே மறந்து போயிரும். நல்லா வேகணும்.

கெராங் ஆகாதுன்னா ஈரல், நெத்திலி. அதுவும் ஆகாதுன்னா முருங்கக்கீரை, கங்கோங், பயறு. ஆனா கீரையில இருக்கிற இரும்ப ஒடம்பு லேசுல வாங்கிக்காது, ஒரு புளிப்பு கூடப் போகணும். எலுமிச்சம்பழத்தப் புழி, இல்ல கொய்யா தின்னு. சாப்பிட்டு வாய் காயறதுக்குள்ள தே தாரேக் குடிச்சா, அதுல இருக்கிற துவர்ப்பு அந்த இரும்பப் புடிச்சு வெளிய அனுப்பிரும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. “அப்ப தே ஓ லிமாவ் குடிச்சா? அதுலதான் எலுமிச்ச இருக்கே”ன்னு வக்கீல் பேச்சு பேசாத. அதுலயும் தே இருக்கு.

இதுக்குன்னு நீயாப் போயி இரும்பு மாத்திரைய வாங்கி அள்ளிப் போடாத, ரத்தம் பாத்துட்டுத்தான். வைட்டமின் ஏ மாத்திரையும் அப்படித்தான். அளவுக்கு மேல போனா அதுவே முடியக் கொட்ட வைக்கும். காசு குடுத்துச் சொட்டை வாங்கினவங்களும் இருக்காங்க.

இனி தலைக்கு வெளிய. ஷாம்புல விஷம், நுர வந்தா முடி போயிரும்னு ஒரு கூட்டம் சொல்லுது. அந்த நுர எங்க இருந்து வருது தெரியுமா? பத்தாங் பெர்ஜுந்தையில, இப்ப பெஸ்தாரி ஜெயாங்கறாங்களே அங்க, தென்னமரம் தோட்டம். 1917ல ஹென்றி ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரத் துரை, இந்த நாட்டுலயே மொத மொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை போட்ட எடம். துரை அப்புறம் மலாயாவப் பத்தி ஒரு நாவல் எழுதி 1930ல பிரான்சுல கோன்கூர் பரிசு வாங்குனாரு. நமக்குக் கெடச்சது நுர. செம்பனக் கொட்டையில எடுக்கிற எண்ணெயும் தேங்கா எண்ணெயும்தான் ஷாம்பு நுரைக்கு மொத சரக்குல முக்கியமானது. கொல வெட்டுனது உங்கப்பன், முதுகொடிய லாரியில ஏத்துனது உங்க சித்தப்பன், பூப்போட்ட பாட்டில்ல திரும்ப வாங்குறது நீ. அதுல விஷம் ஒண்ணும் இல்ல. வேர்வையும் அழுக்கும் சேந்தா அலசு. மண்டத் தோலுக்குத் தேய், நுனிக்கு அந்த ஒழுகுற தண்ணியே போதும். ஈரத் தலைய வரட்டு வரட்டுன்னு சீவாத, ஈரத்துல முடி சுலபமா அறும். பெரிய பல்லு சீப்ப வச்சு நுனியில இருந்து சிக்கெடுத்துக்கிட்டு மேல வா. ஆயாக்கொட்டாய்ல அழாம நின்ன புள்ளைங்களக் கேட்டுப் பாரு.

தேங்கா எண்ணெய் நல்லதுதான், ஆனா எதுக்கு நல்லதுன்னு தெரிஞ்சு வை. 2003ல மும்பையில ஒரு ஆராய்ச்சி வந்துது. தேங்கா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூணையும் வச்சுப் பாத்ததுல, அலசுறப்ப முடியில இருந்து புரதம் கரஞ்சு போறதத் தேங்கா எண்ணெய் மட்டும்தான் நல்லாக் கொறைக்குதுன்னு சொன்னாங்க. ஆராய்ச்சி பண்ணவங்க யாரு? தேங்கா எண்ணெய் விக்கிற மாரிக்கோ கம்பெனி ஆளுங்க. சிரிக்காத, விசயத்துக்கு வா. குளிக்கிறதுக்கு முன்னால வச்சா முடி ஒடையறது கொறையும். மொளைக்க வைக்கும்னு அந்த ஆராய்ச்சியில இல்ல. விக்கிறவனே சொல்லாதத வாங்குற நீ ஏண்டி சொல்ற? செம்பருத்தி எலைய அரச்சுத் தேய்க்கிறதும் அந்தக் கணக்குத்தான். வழவழன்னு சிக்கில்லாம இருக்கும், எனக்கும் புடிக்கும். 1960ல அரசாங்கம் அத நாட்டுப் பூவாக்குச்சு. நாட்டுப் பூவ வேலி ஓரத்துல சும்மா பறிக்கலாம், அதத்தான் அவன் பாட்டில்ல அடச்சு 65 வெள்ளிங்கறான்.

பொடுகு இருக்கிற தலையில மட்டும் எண்ணெயக் கொட்டி ஊற வைக்காத. தல காஞ்சு போய்ப் பொடுகு வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு கூடக் கூட வைப்பாங்க. மலசீசியான்னு ஒரு காளான் எல்லாத் தலையிலயும் இருக்கு, அது தின்னு வளர்றதே தலையில இருக்கிற எண்ணெயத்தான். நீ வைக்க வைக்க அதுக்கு விருந்து. பார்மசியில கீட்டோகோனசோல் ஷாம்பு கேட்டு வாங்கி, தேய்ச்சு அஞ்சு நிமிசம் விட்டு அலசு. அந்த அஞ்சு நிமிசம் போன் பாக்காம நிக்க முடியாதுங்கறது உன் பிரச்சின, மருந்து பிரச்சின இல்ல.

வெங்காயச் சாறு? 2002ல பாக்தாத்துல டாக்டருங்க பாத்திருக்காங்க. சின்ன ஆய்வு, அதுவும் புழுவெட்டுக்கு. வட்ட வட்டமா விழுமே, அது பல பேருக்குத் தானாவே மொளைக்கிறது. உங்கண்ணன் நெத்தி ஏறுனதுக்குத் தடவிக்கிட்டு பஸ்சுல ஏறுனான். முடி வரல, பக்கத்துல உக்கார ஆளும் வரல.

மொட்ட போட்டா அடர்த்தியா வளரும்னு புள்ளைக்கு மூணு தடவ மொட்ட போட்டாளே உன் நாத்தனார். 1928லயே அமெரிக்காவுல மில்ட்ரெட் டிராட்டர்னு ஒரு அம்மா, ஆம்பளைங்க தாடியச் செரைக்க வச்சு, மயித்து கனத்தையும் வளர்ற வேகத்தையும் அளந்து, ஒண்ணும் மாறலன்னு எழுதிட்டாங்க. வெட்டுன நுனி மொட்டையா இருக்கு, அதான் கைக்குக் கனமாத் தெரியுது. பத்துமலையில 272 படி ஏறி முருகனுக்குக் குடுத்தா அது முருகனுக்குக் குடுத்தது. வட்டியோட திருப்பிக் கேக்காத.

கேக்கறதா இருந்தா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறப்ப போடுற ரெட்டச் சடையக் கேளு. கண்ணு ரெண்டும் மேல ஏறுற அளவுக்கு இழுத்துக் கட்டுறீங்க. இழுத்து இழுத்து நெத்தியோரம் வேரு செத்துப் போனா எந்த எண்ணெயும் எழுப்பாது. மண்டையில தழும்பு விழுந்துரும். கொஞ்சம் தளர்த்திக் கட்டு, ராத்திரி அவுத்து விடு. தலைமையாசிரியர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவரு தலையயும் நான் சீவியிருக்கேன்.

எப்ப டாக்டர்கிட்ட போறதுன்னா: வட்டமா விழுந்தா, அரிச்சுச் செதில் செதிலா வந்தா, புள்ளைங்க தலையில படை மாதிரி இருந்தா, கொட்டறது ஆறு மாசம் தாண்டுனா, மாசத்தீட்டு தள்ளித் தள்ளி வந்து மொகத்துல முடி மொளைச்சா, ஒடம்பு காரணமில்லாம ஊதுனா. அரசாங்கக் கிளினிக்குல ஒரு வெள்ளி. ஹீமோகுளோபின் பாருங்க, இரும்புச் சேமிப்பு பாருங்க, தைராய்டு பாருங்கன்னு வாயத் தெறந்து கேளு. மிஸ்ஸி மொறைப்பாங்க. நீ என்னய மொறைக்கிற அளவுக்கு இருக்காது. வரிசையில நிக்க நேரமில்லங்கறியா? பாசார் மாலாம்ல அந்த பாட்டிலுக்கு எவ்வளவு நேரம் நின்ன?

அது யாரு வாசல்லயே நிக்கிறது, உள்ள வராம? நம்ம மூத்தவன் மகனா? வாடா. தொப்பியக் கழட்டு. கழட்டுடா, வீட்டுக்குள்ள என்ன தொப்பி. கொஞ்சம் குனி, வெளிச்சத்துக்குத் திரும்பு... ம்ம். உங்கப்பனேதான், கொஞ்சம் உங்கம்மா வீட்டுத் தாத்தாவும் இருக்காரு. போய்க் கையக் கழுவிட்டு வா, கெராங் வெந்திருக்கு. இத தின்னா உனக்கு முடி வராது, ஆனா உன் தங்கச்சி பங்கையும் சேத்துத் தின்னுடாத. அவளுக்கு வரும்.